மகளிர் தினத்துக்கு நாங்கள் நட்ட சிவப்புத் தடிகள்

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் போகாத சிவப்புப் பெயின்ட்... நகக்கண் எல்லாம் சிவப்பு. சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த மணம். கம்பஸில் இரண்டாம் வருடம், மகளிர் தினத்துக்கு முதல் நாள் என் கைகள் அப்படித்தான் இருந்தன.

அந்த முறை விழாப் பொறுப்பு என்னுடையது. கேட்டு வாங்கியது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

வழக்கமாக ஒரு பெரிய அதிகாரி வருவார், விளக்கேற்றுவார், பெண்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், வடையும் தேநீரும் கொடுத்து அனுப்புவோம். நான் மாணவர் சங்கக் கூட்டத்தில் எழும்பி, "இந்த முறை எங்கட மண்ணில சரித்திரம் செய்த பொம்பிளையளைக் கூப்பிடுவம்" என்று சொல்லிவிட்டேன். அதோடு நிற்காமல் புவனா அக்காவின் பெயரையும் சொன்னேன்.

புவனா அக்கா கிளிநொச்சிப் பக்கம். அவருடைய அப்பாவும் அம்மாவும் மலைநாட்டில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். யுத்தம் முடிந்து திரும்பிப் போனால், அந்தக் காணிக்குள்ளேயே மிதிவெடி. அக்கா அழுதுகொண்டு இருக்கவில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சங்கத் தலைவர் சிரித்தார். "மைக்கைக் குடுத்தா அவா என்ன கதைப்பா? விழா பிழைச்சா அடுத்த முறை பழையபடி அதிகாரிதான். பொறுப்பு நீர்தான்."

"ஓம், நான்தான்!" என்றேன்.

அக்காவோ போனில், "வாறன் பிள்ளை. ஆனா மேடையில எனக்குக் கதைக்க வராது. வேலைச் சாமானைக் கொண்டுவந்து காட்டுறன், அவ்வளவுதான்" என்றுவிட்டார். இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை.

சரி, அலங்காரத்தையாவது ஒரு கலக்குக் கலக்குவோம் என்று நானும் தோழி நஸ்ரினும் இறங்கினோம். கேற்றில் இருந்து மண்டபம் வரை புல்வெளி. அதில் பாதை போடவேண்டும். மகளிர் தினத்துக்குரிய ஊதாப் பெயின்ட் எந்தக் கடையிலும் இல்லை. விளையாட்டு அறையில் மிஞ்சிக் கிடந்தது வெள்ளையும் சிவப்பும். தடி வெட்டி, உடம்புக்கு வெள்ளை, தலைக்குச் சிவப்பு அடித்து, விடிய எழும்பி வரிசையாக நட்டு, இடையில் மஞ்சள் றிபனும் கட்டினோம்.

நஸ்ரின் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவள். நான் வவுனியா டவுன். எங்கள் இரண்டு பேரின் கண்ணுக்கும் கலியாண வீடு மாதிரி இருந்தது!

ஒன்பது மணிக்கு இரண்டு பஸ். கிளிநொச்சி, தண்ணீரூற்றுப் பக்கத்து மாதர் சங்கங்கள். நல்ல சேலை, தலையில் பூ, கையில் பிள்ளைகள், ஒரே சிரிப்பும் கதையும். கேற்றைத் தாண்டிப் புல்வெளி ஓரத்துக்கு வந்தார்கள்...

நின்றுவிட்டார்கள்.

ஒரு தாய் முன்னுக்கு ஓடிய பிள்ளையின் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து, நான் மைக்கில் "உள்ளுக்கு வாங்கோ அம்மாமார்!" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. நானே கூட்டிவரலாம் என்று புல்லுக்குள்ளால் ஓடினேன்.

"ஐயோ பிள்ளை, நில்லு! அசையாத!"

அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டாவது பஸ்ஸில் இருந்து கடைசியாக இறங்கிய புவனா அக்கா தடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எடியே, ஆரடி உனக்கு இந்த வேலை சொன்னது? சிவத்த தடி நட்டா உள்ளுக்க வெடி இருக்கெண்டு அர்த்தம்! இந்தச் சனம் எப்பிடிக் கால் வைக்கும்?"

பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. மண்டப வாசலில் சங்கத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணீர் முட்ட, ஒரு தடியைப் பிடுங்கப் போனேன்.

"விடு. பிடுங்காத. அது என்ர வேலை."

அக்கா பையைத் திறந்து பாரமான அங்கியைப் போட்டார். முகத்துக்குக் கண்ணாடி மூடி. முதல் தடிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். "இப்பிடித்தான் இருப்பம். ஒரு பாய் விரிக்கிற நிலத்துக்கு ஒரு நாள் போகும். வேர்வை கண்ணுக்க போனாலும் துடைக்க ஏலாது..." மைக் இல்லை, மேடை இல்லை. ஆனால் அந்த வளவு முழுக்கக் கேட்டது.

சொல்லி முடித்துத் தடியைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கொடுத்தார். "இந்தாங்கோ. இனி இதில நடக்கலாம்."

அந்தப் பெண் கால் வைத்தார். பிறகு அடுத்தவர். ஒவ்வொரு தடியாய் அக்கா பிடுங்கப் பிடுங்க, பின்னால் சனம் நடந்தது. யாரோ கைதட்ட, யாரோ குலவை போட... ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! மண்டபத்துக்குள் போனபோது எல்லோர் கையிலும் ஒரு தடி. சங்கத் தலைவர் கையிலும் ஒன்று. அன்றைக்கு அக்கா மேடையில் ஒரு மணி நேரம் பேசினார். நிறுத்தத்தான் எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது மகளிர் தினம் என்றால் கம்பஸில் ட்ரோன் கமெரா, ஊதா லைட், மாதம் முழுக்க நிகழ்ச்சி. பார்க்கச் சந்தோசம்தான். ஆனாலும் பெயின்ட் படிந்த கையோடு ஓடித் திரிந்த நாங்கள் அங்கே இல்லையே என்று ஒரு சின்ன ஏக்கம்.

போன கிழமை அங்கே படிக்கிற ஒரு தங்கச்சி, பழைய நினைவு ஒன்று கேட்டுப் போன் எடுத்தாள். ஆசை ஆசையாய் இதைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அது சரி அக்கா... சிவத்த தடிக்கு ஏன் பயந்தவை?" என்றாள். இத்தனைக்கும் அவள் கிளிநொச்சிப் பிள்ளை!

எனக்குச் சுர்ரென்று கோபம். உடனே புவனா அக்காவுக்குப் போன் எடுத்து, "பாருங்கோ அக்கா, இந்தப் பிள்ளையளுக்கு ஒண்டுமே தெரியேல்லை" என்று பொரிந்தேன்.

"உண்மையாத் தெரியாதோ?"

"ஓம் அக்கா."

"கிளிநொச்சிப் பிள்ளையோ?"

"ஓம் எண்டுறன்!"

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப நாங்கள் வேலையை வடிவாத்தான் செய்திருக்கிறம், பிள்ளை."