துண்டு வழக்கும் என் முகூர்த்தமும்

துபாயில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் உறுப்பினர்களைவிடப் பொன்னாடைகள் அதிகம். எந்த விழாவானாலும் முன்வரிசைப் பெருமக்கள் ஒருவர் தோளில் ஒருவர் போர்த்திக்கொள்வார்கள். இந்த வெயில் ஊரில் இத்தனை போர்வை எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

சங்கத் தலைவர்தான் என் முதலாளி. தேராவில் பருப்பு, மசாலா மொத்த வியாபாரம். அவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர் ஷார்ஜாவில் கட்டட கான்ட்ராக்டர். இருவரும் ஒருவரையொருவர் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பியாக இருக்க இருவருக்கும் சம்மதமில்லை.

அந்த வருடப் பொங்கல் விழாவில் முதலாளி மேடையேறி முன்னாள் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். தாம்பாளத்தோடு நான் பக்கத்தில் நின்றேன். முன்னாள் தலைவர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், முகம் கறுத்தது. அந்த ஓரத்தில் அவருடைய கம்பெனிப் பெயரே பின்னியிருந்தது. விளம்பரமாக இருக்கட்டும் என்று சத்வாவில் ஒரு தையல்காரரிடம் கொடுத்துப் பெயர் போட்டு, முந்தைய வருடம் என் முதலாளிக்கு அவர் போர்த்திய பொன்னாடை அது. முதலாளி வீட்டு அலமாரி அடுக்கிலிருந்து அவர் மனைவி கைக்கு வந்ததை உருவிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"என் துணிய எனக்கே போத்துறீங்களாண்ணே?" என்று கழற்றி வீசினார் முன்னாள் தலைவர். முதலாளியின் மானம் கப்பலேறிவிட்டது. கையில் மைக் இருப்பதையும் மறந்து, "உங்கப்பன் தோள்ல துண்டு போட்டு என்னைக்காவது பாத்திருக்கியாடா, நாயே?" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஊராக இருந்தால் நாலு பேர் விலக்கிவிட்டிருப்பார்கள். இங்கே பலர் முன்னிலையில் ஒருவரைத் திட்டுவது குற்றம். முன்னாள் தலைவர் அன்றே போலீஸில் புகார் கொடுத்தார். முதலாளியோடு நானும் போனேன்.

அதிகாரி இளைஞர், பொறுமைசாலி. மொழிபெயர்க்க ஒரு மலையாளி.

"என்ன சொல்லித் திட்டினார்?"

"எங்கப்பா தோள்ல துண்டு போட்டதில்லன்னு சொன்னார்."

அதிகாரி மிச்சத்துக்காகக் காத்திருந்தார். மிச்சம் வரவில்லை. "போட்டாரா, இல்லையா?" என்று கேட்டார்.

"போட்டதில்ல."

"அப்படியானால் அவர் சொன்னது உண்மைதானே?"

அதன்பிறகு முன்னாள் தலைவர் விளக்க வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் யார் தோளில் துண்டு கிடக்கலாம், யாரைக் கண்டால் அது இடுப்புக்கு இறங்க வேண்டும், அவர் அப்பா யார் வீட்டு வாசலில் இடுப்பில் துண்டோடு நின்றார் என்று எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வருடம் சம்பாதித்து மூடி வைத்ததைத் தன் வாயாலேயே திறந்து காட்டினார். மலையாளி ஒவ்வொன்றாக அரபியில் சொன்னார். அதிகாரிக்கு எதுவும் விளங்கவில்லை. கடைசியில் மலையாளி, நாய் என்றும் சொன்னாராம் என்றார்.

"கல்ப்!" என்று நாயை அரபியில் சொன்னார் அதிகாரி. முகம் தெளிந்து எழுத ஆரம்பித்தார்.

"நாயெல்லாம் பரவாயில்ல சார், துண்ட எழுதுங்க" என்று கெஞ்சினார் முன்னாள் தலைவர். எனக்கு அவர்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

முதலாளியை வெளியே விட ஒரு பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கொடுக்க வேண்டும், யாருடையதாக இருந்தாலும் சரி என்றார்கள். முதலாளி சரக்கு விஷயமாக பம்பாய் போக வேண்டியிருந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் மேஜை டிராயரில்தான் கிடந்தது. என்னுடையதை எடுத்துக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாசியில் எனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து, லீவும் வாங்கியாகிவிட்டது. வழக்கு முடிந்தால்தான் பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வரும். வெள்ளிக்கிழமைகளில் போன் கார்டைச் சுரண்டி, நிச்சயித்த பெண்ணோடு பேசுவேன். ஹலோ சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவாள்.

சமாதானப் பேச்சு தொடங்கியது. சங்கத்துப் பெரியவர்கள் தேராவுக்கும் ஷார்ஜாவுக்கும் காரில் அலைந்தார்கள். 'வருந்துகிறேன்' போதுமென்றது ஒரு தரப்பு, 'மன்னிப்பு' வேண்டுமென்றது மறு தரப்பு. சொல் முடிவானதும், நின்றுகொண்டு சொல்வதா, உட்கார்ந்தா என்று இழுத்தார்கள். அதே மண்டபத்தில், அதே மேடையில்தான் சொல்ல வேண்டும் என்றார் முன்னாள் தலைவர். அந்த மண்டபம் என் முகூர்த்தம் தாண்டித்தான் காலியாகிறது.

ஷார்ஜாவுக்குப் போய் அவரிடம் கெஞ்சினேன். டீ வாங்கிக் கொடுத்தார். "உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். முதலாளியிடம் போனேன். "கல்யாணம் எப்ப வேணாலும் பண்ணிக்கலாம்ப்பா. மரியாத போனா வருமா?" என்றார்.

இதற்குள் லேபர் கேம்பில் இருந்த எங்கள் ஊர்க்காரன் ஒருவன் தன் வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டான். பெண்ணின் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"போலீசுல இருக்கீகளாமே?"

"நான் இல்ல மாமா, பாஸ்போர்ட்டு மட்டுந்தான்."

"பாஸ்போர்ட்டு இருக்குற எடத்துலதான ஆளும் இருப்பாக? தப்பா நெனைக்காதீக. நாளைக்கு நாலு பேரு என்னைய ஒரு வார்த்த கேட்டா, எம் மானம் என்னத்துக்காகுறது?"

அவள் ஒரே ஒரு முறை கூப்பிட்டாள், ஊர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து. அன்று சிரிக்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள். லைன் கட்டாகிவிட்டது. அதே முகூர்த்தத்தில், அதே பந்தலில், அத்தை மகனோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. நான் அன்று ரூமில் படுத்து அழுதேன்.

அடுத்த வாரம் மண்டபத்தில் முதலாளி நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பலத்த கைத்தட்டல், பின்னால் பிரியாணி வாசனை. பிறகு யாரோ என் கல்யாணம் நின்ற கதையை முதலாளி காதில் போட்டார்கள். அவர் உருகிப்போய் மைக்கில், "தம்பிக்குப் பொண்ணு பாத்து என் தலைமையிலதான் கல்யாணம்" என்றார்.

"அது எப்படிண்ணே? என்னாலதான நின்னுச்சு, என் தலைமையிலதான் நடக்கணும்" என்றார் முன்னாள் தலைவர்.

"சங்கத் தலைவர் நானா, நீங்களா?"

பெரியவர்கள் பதறி எழுந்தார்கள். மறுபடியும் வழக்கு வந்துவிடக் கூடாதே என்று ஒருவர் என்னை மேடைக்கு இழுத்து, கையில் மைக்கைத் திணித்தார். "ரெண்டு பேரு மேலயும் வருத்தமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு தம்பி."

இருவரும் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இருக்கு" என்றேன்.

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். பழக்க தோஷம், எல்லோரும் கை தட்டினார்கள்.