சீசனுக்கு விட்ட கட்டில்

என் தலையணையில் வேறு யாருடைய ஷாம்பு வாசமோ அடித்தது. நல்ல வாசம்தான், ஏதோ பழத்தின் வாசம், எங்கள் வீட்டில் யாரும் வாங்காத வகை. கிறிஸ்துமஸ் லீவுக்கு மலை பார்க்க வந்த எவளோ ஒருத்தி இரண்டு நாள் என் கட்டிலில், என் போர்வைக்குள் படுத்து எழுந்து போயிருந்தாள். அவள் குடும்பம் வண்டி ஏறிய பிறகுதான் என் கட்டில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அதே வாசம்தான்.

சித்திரபுரத்தில் ஒரு வருஷம் குடியிருந்தேன் என்று சொன்னால், ஆகா, மலை, பனி, தேயிலை என்று எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்கிறார். எனக்கு அந்தத் தலையணைதான் ஞாபகம் வருகிறது. அந்த ஊரை அழகு என்று சொல்பவர்கள் இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கிப் போகிறவர்கள். அங்கே வேலைக்குப் போய், வாடகை கொடுத்து, அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்க்கிறவர்களைக் கேட்டால் வேறு பேச்சு வரும்.

எங்கள் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வெயில் ஊர். அப்பா அங்கே டிராக்டர் ஓட்டினார். வருஷத்தில் பாதி நாள் வேலை இருக்காது. மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ஜீப் ஓட்ட ஆள் வேண்டும், மாசச் சம்பளம் என்று யாரோ சொல்ல, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி ஏறிப் போனார். இரண்டு வருஷம் அங்கே டிரைவர்களோடு ஒரே அறையில் படுத்தார். எப்போதாவது வீட்டுக்கு வருவார். அப்படி ஒருமுறை வந்தபோது, நடக்கப் பழகியிருந்த என் தம்பி சிவா அவரைப் பார்த்து "மாமா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "போதுமுங்க. கஞ்சியோ கூழோ, நாலு பேரும் ஒரே ஊட்டுல இருக்கோணும். எங்க இருந்தாலுஞ் செரி" என்றாள். அம்மா அப்பாவிடம் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். பட்டுப்புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மலையில் எல்லாமே விலை, குடும்பத்தோடு இருக்க முடியாது என்று கூட வேலை செய்தவர்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா சிரித்திருக்கிறார். எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வருஷத்துக்கு உண்டான "மட்ட அரிசி", அந்தச் சிவப்புப் புழுங்கலரிசி, வயலிலிருந்தே வந்துவிடும். "அரிசி நம்முளுது. அப்பறம் என்ன செலவு?" என்பார் அப்பா. நெல் விளையும் ஊரில் பிறந்தவனுக்குச் சாப்பாட்டுச் செலவு என்றாலே அரிசிதான். அரிசி இருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர் நிஜமாகவே நம்பினார். தெரிந்தவர் லாரியில் மூட்டைகளை ஏற்றி, மூட்டைக்கு மேல் எங்களையும் ஏற்றி மலைக்குக் கூட்டிப் போனார்.

முதல் நாளே அரிசி வேகவில்லை. எங்கள் ஊரிலேயே மட்ட அரிசி வேகக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் குளிரில், அந்த உயரத்தில், உலை கொதிக்கிறதோ ஒழிய அரிசி அசைந்து கொடுக்கவில்லை. நானும் சிவாவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா கரண்டியால் எடுத்து நசுக்கிப் பார்ப்பாள், தட்டில் போட மாட்டாள், திரும்ப உலையில் போடுவாள். ஊரில் வேலியோரம் ஒடித்துக்கொள்ளும் விறகை அங்கே கட்டு கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டும். மழை பெய்தால் கட்டுக்கு விலை ஏறும், அங்கே பெய்யாத நாள் கம்மி. கேஸ் சிலிண்டரோ மாசம் முடிவதற்குள் காலி. "ஏனுங்க, அரிசி நம்முளுது. வெறகு நம்முளுதா?" என்று அம்மா கேட்ட நாளிலிருந்து அப்பா அந்தப் பேச்சைச் சத்தமாகப் பேசுவதில்லை.

விறகோடு முடியவில்லை. எங்களிடம் ஸ்வெட்டர் கிடையாது, கம்பளி கிடையாது, மூடின செருப்பு கிடையாது. தேங்காயெண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்து கிடக்க, அம்மா அதை அடுப்போரம் வைத்து உருக்குவாள், அதற்கும் விறகு. தக்காளியும் வெங்காயமும் உடுமலைச் சந்தையிலிருந்து மலை ஏறி வருவதால் அந்த ஏற்றம் முழுக்க விலையிலும் இருக்கும். இதற்கு மேல் "சீசன் விலை" என்று ஒன்று. லீவு நாட்களில் கார்கள் ஏறி வந்தால் முட்டையிலிருந்து பால் வரைக்கும் விலை தாவும். வந்தவர்கள் ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த விலையை நாங்களும் கொடுக்க வேண்டும். நாங்கள் ஊர்க்காரர்கள், இங்கேயே குடியிருக்கிறவர்கள் என்று அம்மா ஒருமுறை கடையில் சொன்னாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "முட்டைக்கு அது தெரியாதேம்மா" என்றார்.

வீட்டுச் சொந்தக்காரர் செல்லையா அண்ணாச்சி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அந்தச் சின்ன வீட்டைக் கட்டியவர். அவர் குடும்பம் பக்கத்திலேயே இன்னொரு சின்ன வீட்டில் இருந்தது. எங்களுக்கு முன்னறை, நடு அறை, பின்னால் தகரம் போட்ட "சாய்ப்பு". அடுப்பும் தண்ணி டிரம்மும் அரிசி மூட்டைகளும் அந்தச் சாய்ப்பில்தான். குடி வைக்கும்போதே அண்ணாச்சி பளிச்சென்று சொன்னார்: "வாடகைய நான் கூட்ட மாட்டேன் தம்பி. ஆனா சீசன்ல ரெண்டு ரூமையும் விட்டுக் குடுத்துரணும். விருந்தாளி வந்தா நீங்க சாய்ப்புல இருந்துக்கிடுங்க. மத்த நாள்ல நீங்கதான் ராசா." அப்பா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாவிட்டால் வீடு இல்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான். கார் நிற்கும் சத்தம் கேட்டதும் பாய், போர்வை, புத்தகப்பை, சாமி படம் எல்லாம் பின்பக்கம் போகும். ஐந்து நிமிஷத்தில் நாங்கள் அந்த வீட்டில் இல்லாதவர்கள் ஆகிவிடுவோம். எனக்கும் அந்த வேலை நன்றாகப் பழகிவிட்டது. கட்டிலை விட்டு இறங்குவதற்கு என்னை யாரும் இரண்டாம் தடவை சொன்னதில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் ஒருநாள் அண்ணாச்சி சாய்ப்பு வாசலில் வந்து நின்று எங்கள் சோற்றைப் பார்த்தார். "ஏம்மா, இந்தச் செவப்பரிசிச் சோறு டவுனாளுவளுக்கு ரொம்பப் பிடிக்கும் கேட்டியா. கேஸ் நான் தாரேன், அரிசி நீ போடு. ஒரே உலையில வெந்துரும்ல." அம்மாவுக்கு அது வரமாகத் தெரிந்தது. விறகுச் செலவு இல்லை, புகை இல்லை. அன்றிலிருந்து விருந்தாளிகளுக்கும் எங்களுக்கும் ஒரே பானை. ஆனால் பானை பெரிதாகிவிட்டது. அவர்கள் சாப்பிட்டு, பிரமாதம் என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கேட்டு, மிச்சமானதை நாங்கள் சாப்பிட்டோம். வருஷம் முழுக்க வர வேண்டிய அரிசி வெயில் காலத்துக்கு முன்பே மூட்டையின் அடியைத் தொட்டது. அம்மா மூட்டையை உதறினாள், பிறகு அதை மடித்து வைத்தாள். அப்பா மடித்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் கார்கள் வரிசை கட்டின. முன்னறையும் நடு அறையும் எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை. சாய்ப்பின் ஈரத்திலும் குளிரிலும் சிவாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் தூங்குகிறார்கள் என்று அம்மா அவன் வாயை முந்தானையால் பொத்தினாள்; பொத்தப் பொத்த அது அதிகமாகத்தான் வந்தது. ஒரு காலையில் முன்னறையில் தங்கியிருந்த பெண் ஒருத்தி, நல்ல மனுஷி, இருமல் மருந்து பாட்டிலோடு பின்பக்கம் வந்தாள்.

"பாவம், குழந்தை ரொம்ப இருமினானே. நீங்க இந்த வீட்டுல வேலை செய்யறவங்களா?"

"இல்லீங்க. குடியிருக்கறவங்க."

"எங்கே?"

அம்மா கையில் இருந்த கரண்டியால் முன்னறையைக் காட்டினாள்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தான் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தாள், பிறகு டிரம்முக்கும் அடுப்புக்கும் நடுவே விரித்திருந்த எங்கள் பாயைப் பார்த்தாள். மருந்து பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். அன்று மதியமே அவர்கள் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டார்கள். மனசு கேட்கவில்லை என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் மனசு கேட்காததால் எங்களுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இன்றைக்கு நான் வாய் நிறையத் திட்டவாவது வழி இருந்திருக்கும். சாய்ப்பில் எங்கள் பாயிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஆளு இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா இனி எவனும் வர மாட்டான் தம்பி. முழு வீட்டையும் விருந்தாளிக்கே விட்டுரலாம்னு பாக்கேன். எம் மவன் காலேஜ் பீஸ எவன் கட்டுவான்? நீங்களே சொல்லுங்க." அப்பாவின் சம்பளமும் அந்தக் கார்களில் இருந்துதானே வந்தது. கார் வராவிட்டால் ஜீப் ஓடாது; கார் வந்தால் வீடு இருக்காது.

அப்பா வேலை முடிந்து பள்ளிவாசல் வரைக்கும் மேலும் கீழும் வீடு தேடினார். கிடைத்த வீட்டுக்குச் சம்பளம் பத்தாது, சம்பளத்துக்குள் வந்த வீட்டில் குடும்பம் கூடாது, தனி ஆள் என்றால் சரி என்றார்கள். தினமும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா முகத்தைப் பார்க்க மாட்டார். கடைசியில் அம்மாவே பேச்சை எடுத்தாள். "நாங்க எறங்கறோமுங்க. பள்ளிக்கோடம் தொறக்கறதுக்குள்ள போயிட்டா இவளை அங்கயே சேத்துக்குவாங்க." என்னைக் காரணமாகச் சொன்னாள். அப்பாவைத் தோற்றவர் ஆக்காமல் இருக்க அவளுக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பஸ் ஏறும்போது மடித்த வெறும் மூட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். சிவா மட்டும்தான் அழுதான். அந்த ஒரு வருஷத்தில் அவன் "அப்பா" என்று கூப்பிடப் பழகியிருந்தான்.

அதன் பிறகு நாங்கள் நாலு பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கவே இல்லை. அப்பா பழைய டிரைவர் அறைக்கே போனார். வரும்போது அவருக்கு வீட்டின் ஒரே கட்டிலைக் கொடுப்போம், கண்ணாடி டம்ளரில் காப்பி கொடுப்போம், சத்தம் போடாமல் விளையாடுவோம். மட்ட அரிசிச் சோறு சாப்பிட்டுவிட்டு, "இங்க சீக்கரம் வெந்துருதுல்ல" என்பார். மலை ரோட்டில் ஜீப் குலுக்கிக் குலுக்கி இடுப்பு போன பிறகுதான் ஒரேயடியாக இறங்கி வந்தார். அப்போது நான் கல்யாணமாகிப் போயிருந்தேன், சிவா வெளியூரில் வேலையில் இருந்தான். வந்து அதிக நாள் அவர் உயிரோடு இருக்கவும் இல்லை.

இப்போது நான் அந்த மலையில்தான் தமிழ் டீச்சர். கேட்டு வாங்கியது இல்லை. வேலை அங்கேதான் கிடைத்தது. என் கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. மகள் தர்ஷினியை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று நான் வீடு தேடினேன். ஒரு வீட்டுக்காரி எனக்கு நல்ல செய்தி சொல்வது போல், "ஏப்ரல், மே மட்டும் வீட்டை ஒழிஞ்சு தந்தாப் போதும் டீச்சரே. டீச்சருக்கு அப்போ லீவுதானே? கிறிஸ்துமஸுக்கும் லீவுதானே?" என்றாள். மற்ற வீடுகளின் வாடகை, தங்க வருகிறவர்கள் ஒரு நாளைக்குக் கொடுக்கிற கணக்கில் இருந்தது. எங்கள் இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தோம். முடியவில்லை. கோபம் வருகிறது, எவன் மேல் என்று தெரியவில்லை. வேறு இரண்டு டீச்சர்களோடு ஒரே அறையில் இருக்கிறேன். அங்கே பிள்ளைகள் கூடாது; தர்ஷினி ஊரில் என் அம்மாவிடம் வளர்கிறாள். அரிசி வேக வைக்க இடமில்லை. பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறோம், சீசன் விலைக்கு.

செல்லையா அண்ணாச்சியின் வீடு இருந்த இடத்தில் மாடி மேல் மாடியாகக் கண்ணாடி வைத்த லாட்ஜ் நிற்கிறது. அவர் மகன் அந்த வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ வாடகை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். சாய்ப்பு இருந்த மூலையில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். கீழே எங்கள் வயலும் கைமாறிவிட்டது. அம்மா இப்போது கடையில்தான் அரிசி வாங்குகிறாள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், கட்டிலில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த தர்ஷினி எழுந்தாள். ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று நின்றேன். அவள் தன் தலையணையையும் போர்வையையும் அள்ளிக்கொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் அம்மா பாய் விரிக்கும் சமையலறைப் பக்கம் நடந்தாள். யாரும் அவளை எழுந்துகொள்ளச் சொல்லவில்லை.

"நீ இங்க படுத்துக்கோம்மா" என்றாள் திரும்பி. "எத்தனை நாள் இருப்பே?"