சீனி டப்பாவில் செருகிய அட்டை

அந்தக் கம்பிக்கு எங்கள் வீட்டில் கடைசிவரை ஒரே பெயர் அமையவில்லை. அத்தாவுக்கு அது கொக்கி, அம்மாவுக்கு ஊசி, எனக்குக் கிளிப். ஒரு சாண் நீளக் கம்பிதான். கீழ்ப்பக்கம் கொண்டை ஊசி மாதிரி மடங்கி டப்பாவின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். மேல்பக்கம் இரண்டு சுற்றுச் சுருண்டு நிற்கும். அந்தச் சுற்றுகளுக்கு நடுவில் ஓர் அட்டையைச் செருகினால் எந்தக் காற்றுக்கும் விழாது. மழைக்காலத்தில் துரு ஏறும், துடைத்தால் போய்விடும். இன்றைக்கும் கையில் எடுத்தால் மிளகு வாசம் வருகிறது.

எங்கள் கடை கொடைக்கானல் பஜாரில் இருக்கிறது. மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, காப்பித்தூள், மலைப்பூண்டு. படிப்படியாக வைத்த பலகைகளில் வாய் திறந்த தகர டப்பாக்கள், அவற்றுக்குப் பின்னால் அத்தா. எந்த டப்பாவிலும் பெயர் கிடையாது, விலையும் கிடையாது. ஆள் கேட்டால்தானே இவர் பேச முடியும். பக்கத்துக் கடைக்காரர் ஒருமுறை, அட்டை எழுதி வைத்தால் தொண்டைத் தண்ணி மிஞ்சுமே என்று சொன்னதற்கு, "ஏலே, வெலையை எழுதி வச்சா கடை ஊமையாயிரும்லே" என்றார்.

அத்தாவின் பேச்சை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. மிளகு கேட்பவரிடம், "இது ஆடலூர் மிளகுங்க. ரசத்துல நாலு தட்டிப் போட்டீங்கன்னா, நாளைக்கு வரவேண்டிய சளிகூட பாதி வழியில திரும்பிப் போயிரும்" என்பார். பூண்டைப் பார்த்து, இவ்வளவு சின்னதா என்று முகம் சுளித்தவர்களிடம், "வடகவுஞ்சிப் பூண்டுங்க. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்பாகள்ல, அந்தக் கடுகுக்கே இது பெரியப்பன்" என்பார். வாங்க வந்தவர்கள் வாங்கினார்கள். சும்மா மழைக்கு ஒதுங்கியவர்களும் வாங்கினார்கள்.

அது கடையோடு நின்றால் பரவாயில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைய வியாபாரம் முழுவதையும் அம்மாவுக்கு மறுபடி நடித்துக் காட்டுவார். வந்த ஆள் என்ன கேட்டான், இவர் என்ன சொன்னார், அவன் மனைவி எப்படிச் சிரித்தாள், எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் ஏறும். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "சரி, கத்தாதீங்க. பக்கத்துல ஆளுங்க குடியிருக்காக" என்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் கேட்ட வாக்கியம் அது. அவர் அடங்குவதும் இல்லை, அவள் சொல்லாமல் விடுவதும் இல்லை.

பிறகு அத்தாவின் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன். உயிரைக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் ஒரு துவாரத்தோடு மலை ஏறி வந்தார். குளிர் உள்ளே போகக்கூடாது என்று அதன் மேல் துணி, துணிக்கு மேல் மஃப்ளர். கடைப் பக்கமே போகமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எழுதிப் பேசச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். என்னிடம் எழுதிக் காட்டினார், சரியாக இருந்தது. அம்மாவிடம் முதல் நாள் எதையோ எழுதி நீட்டினார். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு ஓதத் தெரியும். அரபு எழுத்தைக் கூட்டி அழகாக ஓதுவாள். தமிழ் எழுத்து மட்டும் அவளுக்கு யாரும் பழக்கவில்லை, அவளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. தேவையே இல்லாமல் அல்லவா இருந்தது? உலகத்தில் உள்ளதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு அவள் காதுக்கு வந்து சேர்ந்துவிடும்.

நான் வாசித்தேன். "உப்பு சரியா இருக்கு, நல்லாருக்கு" என்று எழுதியிருந்தார். என் குரலில் அது ஏதோ ஓட்டல் பாராட்டு மாதிரி கேட்டது. அம்மா தலையசைத்தாள். இரண்டு மூன்று நாள் நான் நடுவில் நின்று வாசித்தேன். புருஷன் பெண்டாட்டி பேச்சை மகள் வாசித்தால் எப்படி இருக்கும்? அத்தா அம்மாவுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு நடக்கும், தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா அவர் முகத்தைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். மையத்து விழுந்த சாவு வீடு மாதிரி இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் இனிமேல் இப்படியேதான் இருந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடையை மூட முடியாது. வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் இருந்தேன், அந்த வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பொறுமை கம்மி என்பது ஊரறிந்த விஷயம். இது என்ன, இது எங்கே விளைந்தது, இது ஒரிஜினலா என்று ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி கேட்பார்கள். சீசன் நேரத்தில் ஓர் அம்மாள் ஏலக்காயைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது, "முந்திரிப்பருப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார், ஏலக்காய் இருந்தது.

அன்றைக்கு என் வாயைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அட்டை எழுத உட்கார்ந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, எழுத்தில்லாத பக்கத்தில் மிளகு, ஏலம், கிராம்பு என்று விலையோடு எழுதினேன். எழுதியது பெரிதில்லை, அதை நிறுத்துவதுதான் பாடாக இருந்தது. மிளகில் நட்டால் சரிந்தது. டப்பாவில் ஒட்டினால் ஈரத்துக்கு உரிந்து வந்தது. நீளக் குச்சியில் கட்டினால் ஏதோ நர்சரிச் செடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிச் சமையலறை டப்பா ஒன்றின் விளிம்பில் மாட்டினாள். "இது பிடிக்கும்ல? மேல அட்டைக்கு மட்டும் ஒரு பிடி வேணும்" என்றாள். விடுதியிலிருந்து கொண்டுவந்த பழைய கம்பி ஹேங்கர்கள் வீட்டில் கிடந்தன. குறட்டால் வெட்டி, ஒரு முனையைக் கரண்டிக் காம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி உருவினாள். முதல் இரண்டும் கோணல், மூன்றாவது நின்றது. ஜன்னலோரமிருந்து அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எல்லா டப்பாவிலும் அட்டை நின்றது. பெருமை தாங்காமல் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கடுத்த நாள் வெள்ளனே கடையைத் திறந்துகொண்டிருக்கிறேன், மஃப்ளரை இறுக்கிக்கொண்டு அத்தா ஏற்றத்தில் வருகிறார். மூச்சு வாங்க வந்தவர் நேராக மிளகு டப்பாவுக்குப் போய் என் அட்டையை உருவினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மீனில் சதையை எடுத்துவிட்டு முள்ளை மட்டும் பரிமாறியவளைப் பார்க்கிற பார்வை. பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலத்துக்குள் கடை முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. மிளகு டப்பாவில், "நாளைக்கு வரவேண்டிய சளிக்கு இன்றைக்கே மருந்து." காப்பித்தூளில், "குடித்தபின் பேச ஆரம்பித்தால் கம்பெனி பொறுப்பல்ல." கிராம்பில், "பல்வலிக்காரர் முன்னே வரவும், மற்றவர் வரிசையில் வரவும்." அதோடு விடவில்லை. அட்டையை உருவுவதும் செருகுவதும் ஒரு நொடி வேலை என்று தெரிந்ததும், ஆளுக்கு ஓர் அட்டை மாற்ற ஆரம்பித்தார். விலை குறைக்கச் சொல்லி ஒருவர் நின்றால், இருக்கிற அட்டையை உருவிவிட்டு, "முகத்தைப் பார்த்தால் குறைக்கத்தான் தோன்றுகிறது" என்று செருகுவார். அவர் சிரிப்பார். உடனே அடுத்த அட்டை: "மிளகைப் பார்த்தால் தோன்றவில்லை."

மிளகு கொண்டுவரும் ஆடலூர்க்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். "ராவுத்தர் வாயி போயிருச்சுன்னாகளே, எங்கன போச்சு? இந்தா டப்பா டப்பாவா கெடக்கு" என்றார். அத்தாவின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டு அழுதேன்.

இந்தக் கதையை அப்படியே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். எந்த அட்டையில் என்ன எழுதினார், யார் எப்படிச் சிரித்தார்கள் என்று. அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் பேசுறாக. நல்லாருக்கட்டும்" என்றாள். கம்பியை வளைத்தவள் அவள், பேச்சு மட்டும் அவள் பக்கம் வரவில்லை. எழுத்துப் பழகிக்கோம்மா, நான் சொல்லித்தாறேன் என்றேன். "போ புள்ள, வேற சோலி இல்ல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அத்தா கை கழுவிவிட்டு வந்து மனையில் உட்கார்ந்தார். அம்மா சொன்னதைக் கேட்டாரோ என்னவோ.

மறுநாள் காலையில் டீ போடச் சமையலறைக்குப் போனேன். சீனி டப்பாவில் ஒரு கம்பி மாட்டியிருந்தது. கம்பியில் ஓர் அட்டை. அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. எழுத மறந்துவிட்டார் போல என்று நினைத்து அதை எடுக்கக் கையை நீட்டினேன். "வையி" என்றாள் அம்மா. அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து ரொம்ப நாள் ஆகிறது. முன்பெல்லாம் அவள் சீனி டப்பாவைத் தொட்டாலே அத்தா கூடத்திலிருந்து சத்தம் போடுவார். குரல் போனபிறகு கேட்க ஆளில்லாமல், டம்ளருக்கு இரண்டு கரண்டி என்று ஏறியிருந்தது.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த வெறும் அட்டையைப் பார்த்தாள். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பி, "சரி, கத்தாதீங்க" என்றாள்.

கூடத்தில் அத்தா இரண்டு கையாலும் மஃப்ளரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எப்போதும் சண்டைதான். அத்தா சாப்பாட்டில் ஊறுகாயைக் கூட்டிக்கொள்வதைப் பார்த்தால் அம்மா ஒரு வெறும் அட்டையை ஊறுகாய் ஜாடியில் மாட்டுவாள். அவருக்கு ரத்தக்கொதிப்பு. அம்மா மாத்திரை போட மறந்தால் மாத்திரை டப்பாவில் அட்டை ஏறும். அத்தா குல்லாவையும் மஃப்ளரையும் மறந்து கிளம்பினால் அவருடைய குடைப் பிடியில் ஒரு கம்பி தொங்கும். ஒருமுறை அம்மா கோபத்தில் அவருடைய டீ டம்ளரிலேயே ஒன்றை மாட்டி வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து போய் அவளுக்கு வெந்நீர்ப் பை நிரப்பிக் கொடுத்தார். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

இப்படிச் சில வருஷங்கள் நன்றாகவே போயின. ஒரு மழைக்காலத்தில் அத்தா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

கடையை இப்போதும் நான்தான் பார்க்கிறேன். அத்தாவின் அட்டைகளில் நல்லதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் மிளகை வாங்குகிறார்களோ இல்லையோ, அட்டையைப் படம் எடுக்காமல் போவதில்லை. போன வாரம் ஒரு பையன் அந்தக் கம்பி எங்கே விற்கும் என்று கேட்டான். கொண்டையிலிருந்து எடுக்கணும் தம்பி என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

நேற்றுக் காலை சமையலறையைச் சுத்தம் செய்தேன். சீனி டப்பா அட்டை டீ ஆவி பட்டுப் பழுத்து, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கடையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து கம்பியில் செருகினேன். அம்மா பார்த்ததும், "இது யாரு வச்சது?" என்றாள்.

"நாந்தேம்மா. பழசு அழுக்காயிருச்சு."

"அவுக வச்சதக் கொண்டா."

இரண்டிலும் ஒன்றும் எழுதவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கூடையைக் கிளறி எடுத்து, துடைத்து, அடுப்போரம் காயவைத்து, மறுபடி அந்தக் கம்பியிலேயே செருகிக் கொடுத்தேன்.

டீ கொதித்தது. அம்மா டப்பாவைத் திறந்து கரண்டி நிறையச் சீனியை அள்ளினாள். டம்ளர் பக்கம் போன கை நின்றது. அட்டையைப் பார்த்தாள். பாதிச் சீனியை டப்பாவிலேயே திரும்பத் தட்டினாள்.

"சரி, சரி. கத்தாதீங்க" என்றாள்.