ஜிம்மி தின்ற பச்சைச் சூடை

மனைவி பாக்கியத்தின் அந்தியேட்டியை (இறந்த முப்பத்தோராம் நாள் கிரியை) கீரிமலையில் முடித்துவிட்டு வீடு திரும்பியபோதுதான் முதல் அறிகுறியைக் கண்டேன். எங்களைக் கண்டதும் ஜிம்மி முன்படியில் இறங்கினான். மூன்று படிகள். இரண்டாவதில் பின்னங்கால் மடங்கி விழுந்தான். எழுந்தான், மீண்டும் விழுந்தான். தலை நிமிரவில்லை.

"விசரோ தெரியாது, கட்டிப் போடுங்கோ," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒன்பது வருடத்து வெறிநோய்த் தடுப்பூசி விவரமும் என் கொப்பியில் இருந்தது. ஒன்றும் தவறவில்லை. ஆனாலும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஜிம்மி பாக்கியம் வளர்த்த நாய். அவள் குரலுக்குப் பழகிய உயிர்கள் அந்த வீட்டில் இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்று நான்.

தவறு என்னுடையது. அவள் போன பிறகு ஜிம்மி சோற்றைத் தொடவில்லை. மீன் மட்டும் தின்றான். முப்பத்தொரு நாளும் வீட்டில் சைவம். மீன்சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. சமைக்காத மீன் சமையலில் சேராது என்று கணக்குப் போட்டு, கிணற்றடியில் வைத்துப் பச்சைச் சூடை (மத்தி போன்ற சிறுமீன்) கொடுத்தேன்.

குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் மரியதாஸ் கேட்டான்:

"ஐயா, செத்தவீட்டுத் துடக்கெண்டினம். சூடை ஆருக்கு?"

"நாய்க்கு."

"அப்ப அவருக்கு விரதம் இல்லையோ?"

அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

கிரியைக்கு வந்திருந்த மகள் கௌரி ஓட்டோ பிடித்தாள். அச்சுவேலியில் ஒரு மிருக வைத்தியர், இளம் பெண். ஜிம்மியின் கண்ணுக்கு விளக்கடித்துப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு ஐயா?"

"சூடை. ஒரு நாளைக்கு ஏழு."

"அவிச்சோ?"

"பச்சை. முப்பத்தொரு நாள். இருநூற்றுப் பதினேழு."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்பா எல்லாத்தையும் எண்ணுவார்," என்றாள் கௌரி, மன்னிப்புக் கேட்பதுபோல.

"எண்ணினது நல்லதாப் போச்சு. இல்லாட்டி நான் வேறை எங்கையோ தேடியிருப்பன்."

சூடை, நெத்தலி போன்ற சில மீன்களில், பச்சையாக இருக்கும்போது, தயமினை (நரம்புக்கு வேண்டிய பி1 உயிர்ச்சத்து) சிதைக்கும் ஒரு நொதியம் (இரசாயன மாற்றத்தைத் தூண்டும் புரதம்) உண்டு. அவித்தால் அது அழிந்துவிடும். நாள்கணக்காகப் பச்சையாகவே தின்றால் கால் தள்ளாடும், தலை தொங்கும், வலிப்பும் வரலாம்.

"தப்புவானோ?"

"ஊசி போடுறன். மூண்டு நாளைக்குள்ளை தலை நிமித்த வேணும்."

முதல் நாள் தண்ணீர் மட்டும், பதினொரு கரண்டி. இரண்டாம் நாள் அதுவும் குறைந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், நான் கரண்டியை எடுக்கத் திரும்பியபோது, முகவாயைத் தூக்கி என்னைப் பார்த்தான். கௌரி குசினிக்குள் போய் அழுதாள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீடு சைவமாகும் நாட்களில், பாக்கியம் பின்வளவில் மூன்று கல் வைத்து, ஒரு பழஞ்சட்டியில் ஜிம்மிக்கு மீன் அவிப்பாள். ஆசாரத்துக்காகத்தான் வெளியே அவிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவிப்பதும் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் புகைக்குள் அவள் நாயுடன் ஏதோ கதைத்துக்கொண்டிருப்பாள். என்ன கதைத்தாள் என்று நான் ஒருநாளும் காது கொடுக்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்வேன்: மீனை வெறும் தண்ணீரில் நன்றாக அவியுங்கள். உப்பு, வெங்காயம், கறித்தூள் வேண்டாம், கருவாடும் வேண்டாம். பேத்தை மீனை அவித்தும் கொடுக்காதீர்கள். அதன் நஞ்சு வெந்தாலும் போகாது. மீன் மட்டும் போதாது, சோற்றுடன் பிசையுங்கள். நாய் தள்ளாடினால் நீங்களே காரணம் தீர்மானிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

ஜிம்மி இப்போது நடக்கிறான். இடது பின்னங்கால் சற்று இழுக்கிறது. என்னுடைய முழங்காலும் அப்படித்தான். சேர்ந்தே மெல்லப் போகிறோம்.

மீன் அவியப் பத்து நிமிடம், ஆறக் கால் மணி. முள் எடுக்கத்தான் நேரம் செல்கிறது. கண்ணில் வெண்புரை (கண்வில்லை மங்குதல்). முள் தெரியாது, பெருவிரலால் தடவித்தான் எடுக்கிறேன். என் விரலுக்கு இத்தனை மெல்லியது தெரியும் என்று எழுபத்தாறு வயதில் அறிகிறேன். நாற்பத்திரண்டு வருடம் என் சாப்பாட்டுக் கோப்பைக்கு மீன் முள்ளில்லாமல் வந்தது. ஊரெல்லாம் காணி அளந்த எனக்கு, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாது.

மூன்று சூடை முடியும்போது நிழல் கிணற்றுக்கட்டைத் தாண்டியிருக்கும். அதன்பிறகுதான் நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம்.