இரண்டாவது ஆரஞ்சு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலாக்கா ஆற்றங்கரையில், சாப் கோ மே அன்று சாயங்காலம் நடந்தது இது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளைத்தான் அப்படிச் சொல்வார்கள். கல்யாணமாகாத பெண்கள் அன்றைக்கு நல்ல கணவன் வேண்டுமென்று நினைத்து, ஆற்றிலோ கடலிலோ ஆரஞ்சுப் பழம் எறிவார்கள்.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. மலாக்காவிலேயே புக்கிட் பெருவாங்கில் வேலை, புலாவ் செபாங்கில் வீடு. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான்.

அந்த ஜனவரியில் எங்கள் ஊர் எஸ்டேட் கோயிலில் கன்னிப் பொங்கல் வந்தது. நம் பெண்கள் நல்ல இடம் அமைய வேண்டிப் பானை வைக்கிற நாள். சின்னச் சின்னப் பெண்களுக்கு நடுவில் நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை எல்லார் காதிலும் விழும்படி, "என்னம்மா, இந்த வருஷமும் நீ பானை வைக்கிறியா?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ பானையோடு சேர்ந்து அடுப்புக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கொஞ்ச நாளில் ஒரு வரன் வந்தது. நல்ல வேலை, சொந்த வீடு, ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா எங்களோடு இருக்கக்கூடாது. முதியோர் இல்லத்தில் அவரே இடம் பார்த்துத் தருவாராம். நான் சரி என்றேன். இன்னொரு கன்னிப் பொங்கலை நினைத்துத்தான் சரி என்றேன். அம்மாவோ, "எனக்கென்ன, நான் பாட்டுக்கு நாலு பேரோட இருந்துக்குவேன். நீ ஒண்ணும் யோசிக்காத" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே தன் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டார். சாப் கோ மேக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது.

அப்போதுதான் என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சி, "அக்கா, அடுத்த வருஷம் நீங்க போட முடியாது. லாஸ்ட் சான்ஸ், வாங்க லா!" என்று ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனாள். வழியெல்லாம் கதை சொன்னாள். அந்தக் காலத்தில் மலாக்காவின் நோன்யா குடும்பங்களில், அதாவது தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன சீனக் குடும்பங்களில், வயது வந்த பெண்களை வாசலுக்குக்கூட விடமாட்டார்களாம். இந்த ஒரு நாள்தான் நகை நட்டோடு வண்டியில் அழைத்து வருவார்களாம். கரையில் மாப்பிள்ளைப் பையன்கள் நின்று பார்ப்பார்களாம். பெண்கள் பாடு எல்லா வீட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் பழத்தின் மேலேயே போன் நம்பரை எழுதிவிடுகிறார்கள். அதை அள்ளுவதற்கு வலையோடு நின்ற கூட்டத்தில் நம் பையன்களும் இருந்தார்கள், விடுவார்களா!

எனக்கு ஒரு பழத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தங்கச்சி சிங்க நடனம் பார்க்கப் போய்விட்டாள். நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். என்ன வேண்டுவதென்றே தெரியவில்லை. மாப்பிள்ளைதான் கிடைத்தாயிற்றே! கை தன்பாட்டுக்குப் பழத்தைத் தலையைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி ஆற்றில் வீசியது. திரும்பிப் பார்க்காமல் நடக்கவும் தொடங்கிவிட்டேன். அம்மா எனக்கு எலுமிச்சம்பழத்தில் திருஷ்டி சுற்றிப் போடுவாரே, அதே மாதிரி.

பக்கத்தில் கூடை நிறைய ஆரஞ்சோடு என் வயதுச் சீனப் பெண் ஒருவர் நின்றிருந்தார். "அது என்ன, தலையைச் சுத்திப் போடுறீங்க?" என்று மலாயில் கேட்டார். வேண்டாததைத் துரத்துவதற்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம் என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படின்னா இப்ப நீங்க புருஷனைக் கேட்டீங்களா, துரத்துனீங்களா?"

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் நிச்சயதார்த்தம், நிபந்தனை, அம்மா மடித்து வைத்த சேலைகள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. கூட்டம் என்னைப் பார்க்காதபடி மறைத்து நின்றுகொண்டு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். நான் ஓய்ந்த பிறகு, கூடையிலிருந்து நல்ல பழமாகப் பொறுக்கி என் கையில் வைத்தார்.

"முதல் பழம் துரத்துறதுக்குப் போயிருச்சு. இது கேக்குறதுக்கு. மெதுவா யோசிச்சுக் கேளுங்க" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட, கையசைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அந்தப் பழத்தை நான் எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை வேணாம்மா. நீ என்கூடத்தான் இருக்கணும்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? ஊருல நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று அம்மா சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே பழத்தை உரித்தார், நாரெல்லாம் எடுத்தார், பாதியை என்னிடம் நீட்டினார். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பெட்டி காலியாக இருந்தது. சேலைகள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நல்லவர் வந்தால் பார்க்கலாம், அம்மாவுக்கும் சேர்த்து இடம் வைத்திருப்பவராக. இந்த வருடமும் கன்னிப் பொங்கலுக்குப் பானை வைத்தேன். அத்தை அதையேதான் கேட்டார். "ஆமா அத்தை, அடுத்த வருஷமும் வருவேன், விறகு எடுத்து வைங்க" என்றேன். கணவனைக் கேட்கப் போன இடத்தில் என் அம்மாவை எனக்குத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஆரஞ்சு உரிக்கும்போதெல்லாம், அவர் எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.