மூர்த்திக்கு வந்த பரம்பரைத் தூசி

ஜெயிலைவிட்டு வருகிறவனுக்குத் துணையாகக் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிற வேலைக்கு முதல் தகுதி, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வராண்டாவில் காத்துக் காத்துக் கால் வீங்கிய என் இனத்தாரே, இதில் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். பொய்யென்றால் நான் சுரங்கத்துக்குள் இறங்குகிற கூண்டின் கயிறு அறுந்து போகட்டும். கோலார் தங்கச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில் கூண்டு ஓடி எத்தனையோ வருஷமாகிறது, அது வேறு விஷயம். மூர்த்தி என்ற பேர் பொய். வீடும் கேஸும்கூட மாற்றியவை. அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் சத்தியம். நான் பழைய சுரங்கத்து ஆள், இப்போது சட்ட உதவி மையத்தில் தன்னார்வலன். சம்பளத்துக்குப் பதிலாகக் கழுத்தில் ஒரு அட்டை.

ஆள் வெளியே, மாத்திரை உள்ளே

மூர்த்திக்கு எச்.ஐ.வி. இருப்பது ஜெயிலில் ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. அங்கேயே மருந்தும் ஆரம்பித்துவிட்டார்கள். தினம் ஒரு மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது. பழைய இரும்பு திருடினான் என்ற கேஸில் பெயில் ஆர்டர் பொழுது சாயும் நேரத்தில் வந்தது. பேரைக் கூப்பிட்டார்கள், சட்டையைக் கொடுத்தார்கள், வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மாத்திரை டப்பா உள்ளே அலமாரியில் தங்கிவிட்டது.

கதவைத் தட்டினேன். ஓட்டை வழியாக வார்டரின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. கெஞ்சினேன், சட்டம் பேசினேன், பையனின் மாமா மந்திரி வீட்டில் சமையல்காரர் என்றுகூட அவிழ்த்துவிட்டேன். கடைசியில் டப்பா வந்தது. கொடுத்துக்கொண்டே வார்டர் சொன்னார்: “பெயில் கெடச்சவன் திரும்பிப் பாக்காம ஓடுவான் பெரியவரே. ஜெயில்ல சாமான் மறந்துட்டேன்னு வந்து நிக்கிற மொதல் ஆளு உங்காளுதான்.”

தூசி

கோரமண்டல் என்ற சுரங்கக் குடியிருப்பில் மூர்த்தியின் அண்ணன் வீடு. அண்ணன் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவன். வீடு அண்ணி சரளாவின் ராஜ்யம். ‘ஏதாவது வம்பு வந்தால் அன்றைக்கே வெளியே’ என்று சொல்லித்தான் அண்ணன் தம்பியைச் சேர்த்தான். பெயிலில் எழுதிய விலாசம் அந்த வீடு. மூர்த்திக்கு வேறு போக்கிடமும் இல்லை. துரத்திவிட்டால் எங்கே படுப்பான், மாத்திரையை எங்கே வைத்துச் சாப்பிடுவான்? சட்டம் அவன் பக்கம்தான். ஆனால் சட்டத்தைக் கூப்பிட்டால் விஷயம் லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவனுக்குப் பயம்.

முதல் நாளே சரளா டப்பாவைப் பார்த்துவிட்டாள். “இன்னா மாத்திரை அது?” மூர்த்தி என்னைப் பார்த்தான். அவன் வியாதியைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? தூசி நோய் என்றேன். சுரங்கத்துக் கல் தூசியை நெஞ்சில் சுமந்து இருமாத வீடு எங்கள் ஊரில் குறைவு. அதைச் சொன்னால் மறுகேள்வி வராது.

வந்தது. “மைன் மூடும்போது இவரு ஸ்கூலு போற புள்ளை. எப்ப ஷாப்ட்ல இறங்கினாரு?” அப்பன் நெஞ்சுத் தூசி ரத்தத்தோடு பிள்ளைக்கு இறங்கும் என்றேன். என் பெரியப்பா மகன் தும்மினால் இன்றைக்கும் கைக்குட்டையில் தங்கப் பொடி மின்னும் என்று சாட்சியும் வைத்தேன். சரளா முறத்தைக் கீழே வைத்தாள். “மாமனாரு வீடு வாசல் எதுவும் வெக்கலே. தூசிய மட்டும் கரெக்டா பாகம் பிரிச்சுக் குடுத்துட்டாரா?”

வாரிசுகள்

அடுத்த வாரம் மூன்று வாலிபர்கள் எங்கள் மையத்துக்கு வந்து, அப்பாவின் தூசி தங்களுக்கும் இறங்கிவிட்டது, நஷ்டஈட்டுக்கு மனு எழுத வேண்டும் என்றார்கள். ஒருவன் இருமியே காட்டினான். நல்ல இருமல், குறை சொல்ல முடியாது. யார் சொன்னது என்று வக்கீலம்மா கேட்டதும் மூன்று விரலும் என் பக்கம் திரும்பின. அவர்களை அனுப்பிவிட்டு வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “நெசமான கேசுக்கே இங்க நாற்காலி போதலை தாத்தா.”

ஒரே தேதி

மாத்திரை தீரப்போகிற சமயம். கோலாரில் மருந்து மையம் வரச் சொன்ன அதே நாளில் கோர்ட்டும் வரச் சொன்னது. கோர்ட்டை விட்டால் வாரண்ட், மருந்தை விட்டால் உடம்பு. ஜட்ஜைத் தனியறையில் பார்த்துச் சொல்கிறேன், வியாதியின் பேர் வெளியே வராது என்றார் வக்கீலம்மா. அப்பாடா என்று உட்காரும்போது சரளா தானும் ஆஸ்பத்திரிக்கு வருவதாகக் கிளம்பினாள். “எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது. அவங்களுக்கும் அந்தத் தூசி இறங்குமான்னு டாக்டரையே கேட்டுடறேன்.”

என் பொய் போட்ட குட்டி அது. நானும் கூட வந்து எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்றேன். மூர்த்தி வேண்டாமென்று தலையாட்டினான். “நீங்க கோர்ட்டுக்கே போங்க தாத்தா. நீங்க வந்தா அங்க புதுசா ஒரு வியாதி மொளைக்கும்.”

தட்டு

கோர்ட்டில் வேறு தேதி கொடுத்தார்கள். சாயங்காலம் கோரமண்டல் ஸ்டேஷனில் காத்திருந்தேன். ரயிலிலிருந்து இறங்கிய சரளா என்னைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துபோனாள். போச்சு, இன்றைக்கே படுக்கையைச் சுருட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூர்த்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

டாக்டர் கூப்பிடுமுன்னே அவளிடம் தானே சொல்லிவிட்டானாம். கூட இருந்தாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது என்று அங்கே நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மாவும் பொறுமையாக விளக்கினாராம். திரும்பும்போது கோலாரிலிருந்து பங்காருபேட்டை வரை பஸ். அங்கே ரயில் ஏறியதும் இவனாகவே ஆரம்பித்தான்: “அண்ணி, எனக்குத் தனித் தட்டு போட்டுடுங்க.” அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாளாம்: “வீட்ல கீறதே அஞ்சு தட்டு. தனித் தட்டுக்கு நான் எங்க போவேன்? தின்னா கழுவி வை. உங்கண்ணன்கிட்ட எப்ப சொல்லணுமோ நீயே சொல்லு.”

கேஸுக்கு இன்னொரு தேதி விழுந்திருக்கிறது, அண்ணன் இன்னும் தூசியைத்தான் நம்புகிறான், ஆகவே இதை எந்தக் கிழவன் சொன்னான் என்று மட்டும் அவன் ஏறுகிற விடிகாலை ரயிலில் யாரும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.