டொக்டர் வண்டியின் படங்குக் கட்டு

டொக்டர் வண்டியின் கழிவுக் குழாயைப் பொருத்தியவன் நான் அல்ல. நான்தான் என்று நாலு பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்தப் பொய்யின் மேலே ஏறி உட்கார்ந்து இத்தனை வருடம் ராஜா மாதிரி வாழ்ந்தேன். இன்றும் வாழ்கிறேன்!

உங்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றும். ஒரு ரப்பர் குழாய்... இதில் என்னடா பெருமை, என்னடா பாவம் என்று கேட்பீர்கள். பொறுங்கள், சொல்கிறேன்.

பசறையில் இறங்கி இன்னும் மூன்று மைல் மலை ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே தேயிலை ஃபெக்டரியில் நான் ஃபிட்டர். ரோலர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் தண்ணீர் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் திமிர் இருந்தது. இருக்காதா பின்னே? பதுளை டவுனிலேயே என்னளவுக்குக் குழாய் வேலை தெரிந்தவன் கிடையாது என்று நானே சொல்லித் திரிந்தவன்.

அறுபதுகள் முடிகிற நேரம். ஒருநாள் லொறியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு அந்த வண்டியைக் கொண்டுவந்தார்கள். சக்கரம் வைத்த ஒரு குட்டி வீடு! வெளிநாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காகச் செய்ததாம். எப்படியோ கைமாறி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் வண்டியாகிவிட்டது. உள்ளே கட்டில், கைகழுவும் தொட்டி, மூலையில் கக்கூஸ். யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் ஒரு மாதம் எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. காலையில் ஆட்கள் கூடி வேலை வாங்குகிற பெரட்டுக் களத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்கள்.

இரண்டாம் நாளே நாற்றம் தொடங்கிவிட்டது. வண்டியின் அடியில், சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே, கை எளிதில் நுழையாத இடத்தில் கழிவுக் குழாயின் வாய் இருந்தது. அதிலிருந்து குழிக்குக் கொண்டுபோக ஒரு ஹோஸ் பைப்பும் கூடவே வந்திருந்தது. ஆனால் குழாய் ஓர் அளவு, ஹோஸ் வேறோர் அளவு. ஒழுகியதெல்லாம் சரிவில் இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் குடிதண்ணீர் பிடிக்கிற பீலியை நோக்கிப் போனது. சனிக்கிழமைக்குள் இது நிற்காவிட்டால் வண்டியை ஹாலிஎல பக்கம் அனுப்பிவிடுவேன் என்று டொக்டரம்மா சொல்லிவிட்டார். துரை என்னைக் கூப்பிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இறுக்கினேன்! பதுளையில் முஸ்லிம் நானா ஒருவரின் இரும்புக் கடையைக் கிளறி ஒரு வளையம் கொண்டுவந்தேன். லேத்தில் கடைந்தேன். சணல் சுற்றினேன், வெள்ளை ஈயப் பசை பூசினேன். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டேன், ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் காலை நாலு பெண்கள் வண்டிக்குள் ஏறி இறங்கினார்கள்... வாய் பிளந்துகொண்டது. இன்னும் இறுக்கினேன். இன்னும் பிளந்தது. மூன்றாம் நாள் என் வளையமே வெடித்துப்போனது.

இங்கேதான் அங்கம்மா வருகிறாள். எங்கள் தோட்டத்து வாசக்கூட்டி. லயத்து வாசல்களைக் கூட்டி, கக்கூஸ் கழுவுகிறவர்களை அப்படித்தான் சொல்வோம். தாய் செய்த வேலைதான் மகளுக்கு. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கொழுந்து பறிக்கிற வேலைக்குப் பேர் போடுவதில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். அதை நாங்கள் எல்லோரும் காப்பாற்றினோம்... நானும்தான்.

வண்டிக்கு அடியில் படுத்துக் குழாய் வாயைப் பிடிப்பது அவள் வேலை. வெளியே குந்தியிருந்து ஸ்பேனர் போடுவது என் வேலை. அவள் கை பட்ட இடத்தில் என் கை படாது. அதற்காக ஸ்பேனருக்குத் துணி சுற்றி, முழங்கையை மட்டும் உள்ளே நீட்டி முடுக்கினேன். மூன்று நாளில் ஒரு தடவையாவது குனிந்து உள்ளே பார்த்தேனா? இல்லை! ஃபிட்டராம் ஃபிட்டர்!

அவள் பார்த்தாள். அடியில் கிடந்தவள் அவள்தானே. வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஐயா, மேல ஆளு ஏறுறப்ப வண்டி ஆடுது. நீங்க இறுக்க இறுக்க அது புடுங்கிக்கிட்டு வருது. ஆடுறத ஆட விட்டுக் கட்டணும்ங்க... படங்கு கட்டுற மாதிரி."

படங்கு என்பது, கொழுந்து பறிக்கிற பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத் துணி. மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. நடுவில் மட்டும் தொளதொளவென்று விட்டிருப்பார்கள். எவ்வளவு குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அவிழாது, ஈரமும் ஏறாது. என் தலைக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது!

கொழுந்து மலையில் காலே வைக்காத உனக்கு இந்தக் கட்டு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, எட்டி நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். மகள் செல்விக்குப் பதினாறு ஆகப் போகிறதாம். எப்படியாவது கொழுந்துக்குப் பேர் விழுந்துவிடாதா என்று, ஒரு பழைய படங்கை வாங்கி வைத்து, வீட்டுக்குள்ளேயே மகளுக்குக் கட்டிக் கட்டிப் பழக்கிக்கொண்டிருக்கிறாளாம்.

பிறகு கேட்டாள். அவள் வாழ்நாளில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"இது நின்னுச்சுன்னா, அங்கம்மா சொல்லித்தான் கட்டுனோம்னு தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா. அதுக்காகவாவது எம் புள்ளைக்குப் பேரு போடுவாரு."

சரி சரி, முதலில் கட்டு என்றேன்.

கட்டினாள். பழைய லொறி டியூப்பில் ஒன்றரைச் சாண் துண்டு. அதைக் குழாய் வாயிலும் ஹோஸ் வாயிலும் உறை மாதிரி ஏற்றி, நடுவில் தொளதொளவென்று விட்டு, மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. கட்டுக்கும் அதே டியூப்பில் கிழித்த ரப்பர் நாடாதான். ஹோஸ் தொங்காமல் அடியில் கல் அடுக்கினாள். டியூப்பை அளந்து வெட்டியது நான்! அதை மறக்காமல் சொல்லிவிடுகிறேன்... பொய்யன் எவனும் இப்படி ஒரு துளி உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குவான்.

பத்து வாளி ஊற்றினோம். படியில் ஏறிக் குதித்தேன். வண்டி ஆடியது, டியூப் சுருங்கி விரிந்தது, கீழே மண் காய்ந்தபடியே கிடந்தது. ஒரு சொட்டு இல்லை! நான் பெரட்டுக் களத்தில் கை கொட்டிக்கொண்டு ஆடினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கலியாணத்தன்றுகூட இருந்ததில்லை.

சனிக்கிழமை துரை வந்தார். பெரிய கிளாக்கர் வந்தார். லயத்துச் சனம் பாதி திரண்டுவிட்டது. டொக்டரம்மா மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, சேலையை ஒதுக்கிக் குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல மூளையப்பா! இதை ஆர் கட்டினது?"

பத்தடி தள்ளி, விளக்குமாறோடு அங்கம்மா நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தானுங்க டொக்டரம்மா."

ஏன் சொன்னேன்? எத்தனை தரம் என்னையே கேட்டிருக்கிறேன்! வாசக்கூட்டி சொல்லிக்கொடுத்துப் படித்தவன் என்று நாளைக்குப் பட்டறையில் பல்லிளிப்பார்களே என்ற பயமா? அது பாதி. மீதிப் பாதியைச் சொல்லவே கூசுகிறது. அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருந்தது.

துரை என் தோளில் கை போட்டார். என்ன வேண்டும், கேள் என்றார். பாருங்கள், அப்போதுகூட வாய்ப்பு இருந்தது! பெருமையை நானே வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குப் பேர் போடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கலாமே... கேட்டால், இவளுக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய் என்பார்கள். நான் பெரிய ஃபிட்டர் வேலையைக் கேட்டேன். கொடுத்தார்.

பிறகென்ன, வெற்றிதான்! வண்டி ஒரு மாதம் முழுக்க நின்றது. பிரசவத்துக்குப் பயந்து கிடந்த பெண்களெல்லாம் அதில் ஏறி இறங்கினார்கள். அப்புறம் ஹாலிஎல, ஹல்துமுல்லை என்று வண்டி போன இடத்துக்கெல்லாம் என்னைத் தேடி லொறி வந்தது. கோழிக்கறியோடு சோறு போட்டார்கள். படங்குக் கட்டு ஃபிட்டர் என்று பெயரே வந்துவிட்டது. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை! உண்மையைச் சொல்வதென்றால், இதை எழுதும்போதுகூட நெஞ்சு விம்முகிறது. வெட்கம் கெட்ட நெஞ்சு.

அடுத்த மாதமே செல்வியின் பெயரை வாசல் கூட்டுகிற வேலைக்குப் பதிந்தார்கள். ஒரு காலை, தாயும் மகளும் ஆளுக்கொரு வாளியோடு ஃபெக்டரி வாசலைக் கடந்து போனார்கள். கும்பிடுறேன் ஐயா என்று அங்கம்மா எப்போதும் போலச் சொன்னாள். திட்டியிருக்கக் கூடாதா? நான் பட்டறைக்குள் போய் ஒரு நல்ல ஸ்பேனரைச் சுவரில் வீசி அடித்தேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாள் போனது. துரை மாறினார். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அங்கம்மா செத்துப்போனாள்.

போன மழையில் மண் இறங்கி, என் வீட்டுக் கக்கூஸ் குழாய் விலகிவிட்டது. எனக்கு இப்போது குனிய முடியாது. ஆள் அனுப்பினேன், செல்வி வந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பையிலிருந்து டியூப் துண்டு ஒன்றை எடுத்தாள். உறை போட்டு, மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. நான் கற்றுக்கொடுக்காத கட்டு. முடித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்த டொக்டர் வண்டியில அம்மா கட்டுனது, கடைசி வரைக்கும் ஒழுகவே இல்லையாமே... நெசமாங்க ஐயா?"

இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

"ஒரு சொட்டுகூட ஒழுகலை" என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அன்று எனக்குக் கைதட்டியபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வேறொன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனாள்.

அவள் என்னவோ சொன்னாளே, என்ன அது என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

குழாய் சரியாகிவிட்டதாம் என்றேன்.